ஓங்-பாக்: டூப்புக்கு முகம் கிடைத்த கதை

‘ஓங்-பாக்’ படத்தோட கதையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். கிராமத்துக் கோயில் புத்தர் சிலையோட தலையை ஒருத்தன் அறுத்துத் திருடிக்கிட்டு பாங்காக் போயிடறான். ஊர்ப் பையன் ஒருத்தன் பின்னாடியே போய், தடுத்தவனை எல்லாம் உதைச்சு, தலையை மீட்டுக்கிட்டு வர்றான். அவ்வளவுதான். திருப்பம் கிடையாது, காதல் கிடையாது (ஒரு பொண்ணு வருது, டூயட் இல்லை), ஹீரோவுக்கு வசனம்கூட அதிகம் கிடையாது. நடிப்புன்னு பார்த்தா ஹீரோ முகத்துல மொத்தம் ரெண்டே பாவம்தான். ஒண்ணு அப்பாவி. இன்னொண்ணு கோபமான அப்பாவி. :-)

ஆனாலும் 2003ல தாய்லாந்தில் வெளியான இந்தப் படத்தை இதுவரைக்கும் எத்தனை தடவை பார்த்திருக்கேன்னு எனக்கே கணக்கு இல்லை. ராத்திரி சாப்பிட்டுட்டு சும்மா பத்து நிமிஷம் பார்க்கலாம்னு போட்டா, முழுசா பார்த்துட்டுத்தான் எழுந்திருப்பேன். சண்டைப் படம் பிடிக்கறவன், அதனால பிடிக்குதுன்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். அது பாதி காரணம்தான். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதறேன்.

படம் பார்க்காதவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. முடிவு உட்பட எல்லாத்தையும் சொல்லிடுவேன். கதைக்காகப் பார்க்கற படம் இல்லைங்கறதால பாவம் சேராது.

முதல்ல அந்தக் காலகட்டத்தை ஞாபகப்படுத்திக்கணும். 1999ல ‘மேட்ரிக்ஸ்’ வந்தது. அடுத்த வருஷமே ‘க்ரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்’. ரெண்டுக்கும் சண்டை அமைச்சவர் ஹாங்காங்கின் யுவென் வூ-பிங். கம்பி கட்டி ஆளைப் பறக்கவிடறதுல மன்னன். மூங்கில் காட்டுல மரத்து உச்சியில நின்னுக்கிட்டு வாள் சண்டை போட்டாங்களே, அது அழகுதான், மறுக்கலை. ஆனா அதுக்கப்புறம் உலகத்துல எல்லாரும் பறக்க ஆரம்பிச்சுட்டாங்க. உதை வாங்கினவன் தெருக்கோடி வரைக்கும் போய் விழுந்தான். கம்பியைக் கம்ப்யூட்டர்ல அழிச்சுடற வசதியும் வந்தாச்சு. கடைசியில, பார்க்கற நமக்கு எதைப் பார்த்தாலும் ‘ஆமா, ரோப்புதானே’ன்னு ஒரு அலட்சியம் வந்துடுச்சு.

அந்த நேரத்துல தாய்லாந்துலேருந்து ஒரு படம் வருது. அதை விளம்பரப்படுத்தினதே இப்படித்தான்: கம்பி இல்லை, டூப் இல்லை, கிராஃபிக்ஸ் இல்லை. இயக்குநர் பிரச்யா பின்கேவ். சண்டைப் பயிற்சி பன்னா ரித்திக்ராய். ஹீரோ டோனி ஜா, அதுக்கு முன்னாடி வெளியுலகத்துல யாருக்கும் தெரியாத ஆள். நம்பிக்கையோட ஒரு குறும்பும் பண்ணியிருப்பாங்க. துரத்தல் காட்சிகள்ல பின்னாடி சுவத்தை உத்துப் பார்த்தீங்கன்னா, ஸ்பீல்பெர்க்கையும் லுக் பெசோனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுதிவெச்சிருப்பாங்க, வாங்க சேர்ந்து வேலை செய்யலாம்ங்கற மாதிரி. ஸ்பீல்பெர்க் வரலை. லுக் பெசோனோட கம்பெனி வந்தது. வெளிநாட்டு உரிமையை வாங்கி, படத்தை வெட்டி ஒட்டி, இசையை மாத்தி மேல்நாடுகளுக்குக் கொண்டுபோனாங்க. சுவத்துல கிறுக்கினா வேலை கிடைக்கும்னு எனக்குத் தெரிஞ்சு நிரூபிச்ச ஒரே படம் இதுதான்.

படத்தோட முதல் காட்சியே ஒரு மரம். பெரிய மரம். உச்சியில ஒரு கொடி. உடம்பெல்லாம் சேறு பூசின கிராமத்துப் பசங்க ஒரு கூட்டம் மரத்தைச் சுத்தி நிக்குது. திருவிழாப் போட்டி, யார் கொடியை எடுக்கறாங்கன்னு. நம்ம ஊர் வழுக்கு மரம் மாதிரின்னு வெச்சுக்கங்களேன், ஒரே வித்தியாசம், இங்க மேல ஏறினவனைக் காலைப் பிடிச்சு இழுத்துக் கீழே தள்ளலாம். தள்ளறாங்க. விழறாங்க. ஒருத்தன் கிளையில முட்டி, அடுத்த கிளையில மோதி, தரையில பொத்துன்னு. அடுத்தவன் நேரா முதுகுல. முதல் தடவை பார்த்தப்போ ‘அய்யோ’ன்னு சத்தமா சொல்லிட்டேன். ஏன்னா விழறது கம்பியில விழற மாதிரி இல்லை. கம்பியில இறங்கறவன் கடைசி ரெண்டு அடியில மெதுவாவான். இவங்க மெதுவாகலை. ஒரு தேங்காய் எப்படி விழுமோ அப்படி விழுந்தாங்க.

ஹீரோவுக்குப் பேர் டிங். ஊர்ல இருக்கற பிக்கு அவனுக்கு முய் தாய் முழுசா சொல்லிக்கொடுத்திருக்கார். கூடவே, இதை யார்மேலயும் பிரயோகிக்காதேன்னும் சொல்லிவெச்சிருக்கார். பெரும் சண்டைக்காரனுக்குச் சண்டை போடக் கூடாதுன்னு கட்டளை, நமக்கு அது உடைய எத்தனை நேரம் ஆகும்ங்கற காத்திருப்பு. பழைய உத்திதான், இன்னைக்கும் வேலை செய்யுது. ஊர் ஜனங்க கையில இருக்கற சில்லறை, நகைன்னு கிடைச்சதை எல்லாம் திரட்டி வழிச்செலவுக்குக் கொடுத்து அனுப்பறாங்க. பாங்காக்ல அதே ஊர்லேருந்து வந்த ஹம்லேங்கறவன் இருக்கான். ஊர்ப் பேரைச் சொன்னாலே கூச்சம், பேரை ஜார்ஜ்னு மாத்திக்கிட்டவன். டிங் கொண்டுவந்த பணத்தைத் திருடிக்கிட்டுப் போய் திருட்டுத்தனமா நடக்கற குத்துச்சண்டைக் கிளப்புல பந்தயம் கட்டறான். பணத்தைத் திரும்ப வாங்கப் போன டிங், தெரியாத்தனமா களத்துக்குள்ள கால் வெச்சுடறான். எதிராளி ஓடி வர்றான். ஒரே ஒரு அடி. ஆள் காலி. கிளப்பே அமைதியாயிடுது.

படம் ஆரம்பிச்சு இவ்வளவு நேரம் கழிச்சு வர்ற முதல் அடி அது. ஆடியன்ஸை எப்படிக் காக்க வெக்கணும்னு இவங்ககிட்ட கத்துக்கணும்.

அப்புறம்தான் அந்தச் சந்துத் துரத்தல். எனக்கு இந்தப் படத்துலேயே பிடிச்சது. ரவுடிங்க துரத்த, டிங்கும் ஹம்லேயும் மார்க்கெட் சந்துகள்ல ஓடறாங்க. வழியில என்ன வருதோ அதெல்லாம் டிங்குக்குத் தாண்டற பொருள். முள்கம்பிச் சுருள் வந்தா அதுக்குள்ள புகுந்து வெளிய வர்றான். கார் வந்தா மேல தாவறான். இன்னொரு வண்டி வந்தா ரெண்டு காலையும் தரையோட தரையா விரிச்சு அடியில சறுக்கிப் போறான். ரெண்டு பேர் கண்ணாடிப் பலகை தூக்கிக்கிட்டு எதிர்ல வந்தா நடுவுல இருக்கற இடைவெளியில பாயறான். வழி அடைச்சுக்கிட்டு ஆளுங்க நின்னா அவங்க தோள்மேல கால் வெச்சு நடந்து போறான்.

பின்னாடியே ஹம்லே. இந்த இடத்துல இயக்குநருக்கு ஒரு சபாஷ். ஹம்லேயா நடிச்ச பெட்ச்தாய் வோங்கம்லாவ் தாய்லாந்தோட பெரிய காமெடியன். டிங் ஒரு தாவுல தாண்டினதை எல்லாம் இவர் முட்டி மோதித் தாண்டுவார். ஒரு கட்டத்துல துரத்தறவங்களை மிரட்ட ஒரு கத்தியைக் கையில எடுத்துடுவார், அவங்களும் பயந்து பின்வாங்குவாங்க. சரியா அப்ப பார்த்து ஒரு அம்மா கூடையோட ‘கத்தி வாங்கலையோ கத்தி’ன்னு வந்து சேரும். அடுத்த நொடி எல்லார் கையிலயும் கத்தி. சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். சாதாரண மனுஷனோட உடம்பு பக்கத்துலயே ஓடறதாலதான் டிங்கோட உடம்பு என்ன செய்யுதுன்னு நமக்கு உறைக்குது. அளவுகோல் பக்கத்துல இல்லாம உயரம் தெரியாதே.

இந்தப் படத்துல நிறைய பேர் குறை சொல்ற விஷயம் ஒண்ணு இருக்கு. பெரிய சாகசம் ஒண்ணு முடிஞ்சவுடனே அதையே வேற கோணத்துலேருந்து, ஸ்லோ மோஷன்ல, இன்னொரு தடவை காட்டுவாங்க. சில இடத்துல மூணாவது தடவையும். கதை நின்னுடுது, கிரிக்கெட் ரீப்ளே மாதிரி இருக்குன்னு கிண்டல். இதை இவங்க புதுசா கண்டுபிடிக்கலை. 1985ல வந்த ‘போலீஸ் ஸ்டோரி’யில ஜாக்கி சான், ஷாப்பிங் மாலில் மேல்மாடியிலேருந்து கம்பத்தைப் பிடிச்சு, மின்விளக்குச் சரங்களைப் பிச்சுக்கிட்டு சறுக்கி வர்றதை அடுத்தடுத்து மூணு தடவை காட்டுவாங்க.

எனக்கு அது ரீப்ளேயா தெரியலை. சாட்சியாத் தெரியுது. கோர்ட்ல சாட்சி சொல்ற மாதிரி, ‘இந்தப் பக்கம் இருந்தும் பார்த்துக்கங்க, அந்தப் பக்கம் இருந்தும் பார்த்துக்கங்க, கம்பி இருக்கா? முகம் மாறுதா? அதே ஆள்தானே?’ன்னு கேமரா சத்தியம் பண்ணுது. மத்த படங்கள்ல கேமராவோட வேலை மறைக்கறது. அடி படற நொடியில கட். குதிக்கற நொடியில கட். இங்க கேமரா தள்ளி நின்னு, தலையிலேருந்து கால் வரைக்கும் முழு ஆளையும் காட்டிக்கிட்டு, கண்ணைச் சிமிட்டாம நிக்குது. ஆள் திறமைசாலியா இல்லாட்டி ரெண்டு செகண்டுல அம்பலமாயிடற மாதிரியான ஷாட். அந்தத் தைரியம்தான் படமே.

முய் தாய்ல ஆயுதம் எட்டுன்னு சொல்வாங்க. ரெண்டு முஷ்டி, ரெண்டு முழங்கை, ரெண்டு முழங்கால், ரெண்டு கணைக்காலெலும்பு. கராத்தே, குங்ஃபூன்னு நீட்டமான உதைகளையே சினிமாவுல பார்த்துப் பழகின கண்ணுக்கு, இந்த முழங்கையும் முழங்காலும் வேற மாதிரி இருந்தது. நீட்டி உதைக்கறதுல ஒரு நடனம் இருக்கு. முழங்கை அப்படி இல்லை. கிட்டப் போகணும். எலும்போட எலும்பு. டோனி ஜா ஓடி வந்து, எதிராளியோட தொடையில ஒரு கால், தோள்ல ஒரு கால்னு படிக்கட்டு மாதிரி ஏறி, உச்சியிலேருந்து முழங்கையை நடு மண்டையில இறக்குவார். பார்க்கறப்போ நம்ம மண்டையை நாமே தடவிக்குவோம். கடைசிப் பகுதியில கால் ரெண்டும் நெருப்பு பத்தி எரிய எரிய உதைக்கற காட்சி ஒண்ணு வரும். அதுவும் நிஜ நெருப்பு. பேன்ட்ல பத்தின தீ சட்டுனு மேல ஏறி புருவம், இமை, மூக்கெல்லாம் சுட்டுடுச்சுன்னும், அதுக்கப்புறமும் சரியா வரணும்னு இன்னும் சில டேக் போனாங்கன்னும் டோனி ஜாவே பேட்டியில சொல்லியிருக்கார்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். யார் இந்த டோனி ஜா?

தாய்லாந்தோட வடகிழக்குல சூரின் மாகாணம். யானைக்குப் பேர்போன ஊர். 1976ல பிறந்தவர், அப்பா அம்மா யானை வளர்க்கறவங்க. சின்ன வயசுல கோயில் திருவிழாவுல திரை கட்டிப் போடற படங்கள்ல புரூஸ் லீ, ஜாக்கி சான், ஜெட் லீயைப் பார்த்துட்டு, வயல்லயும் ஆத்துலயும் அதையே செஞ்சு பார்த்த பையன். பதினஞ்சு வயசு வாக்குல பன்னா ரித்திக்ராய்கிட்டப் போய்ச் சேர்ந்துடறார். பன்னா யாருன்னா, குறைஞ்ச செலவுல சண்டைப் படமா எடுத்துத் தள்ளி, தானே நடிச்சு, தானே விழுந்து, ஒரு பெரிய ஸ்டண்ட் கூட்டத்தையே வளர்த்த மனுஷன். அந்தக் கூட்டத்துல ஒருத்தரா டோனி ஜா வருஷக்கணக்கா வேலை பார்த்தார். வேலைன்னா? அடி வாங்கறது, விழறது, டூப் போடறது. 1997ல வந்த ‘மோர்ட்டல் காம்பாட்: அனிஹிலேஷன்’ படத்துல ஹீரோ ராபின் ஷூவுக்கு டூப் போட்டவர்கள்ல இவரும் ஒருத்தர். அந்தப் படத்தை நீங்க பார்த்திருந்தா டோனி ஜாவையும் பார்த்திருக்கீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. தெரியக் கூடாதுங்கறதுதான் அந்த வேலையே.

ஓங்-பாக் பார்க்கறப்போ எனக்குள்ள என்ன ஆகுதுன்னு இந்த விவரம் தெரிஞ்சப்போதான் புரிஞ்சது. இது ஒரு டூப் தன் முகத்தைத் திருப்பிக் காட்டின படம். யோசிச்சுப் பார்த்தா கதைகூட அதேதான். தலை ஒரு இடத்துல, உடம்பு ஒரு இடத்துல. தலையைக் கொண்டுபோய் உடம்போட சேர்க்கணும்.

டூப்புன்னு சொன்னவுடனே எனக்கு ஒரு முதுகு ஞாபகம் வரும். நாங்க வடபழனியில குடியிருந்தப்போ எங்க லைன் வீட்டுல கடைசி வீட்டு அண்ணன் ஒருத்தர் ஃபைட்டர். சங்கத்துல கார்டு வெச்சிருந்தார். காலையில அஞ்சு மணிக்கு பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவார். எங்களுக்கெல்லாம் அவர்தான் ஹீரோ. ‘அண்ணே, நேத்து யாரை அடிச்சீங்க?’ன்னு கேட்டா, ‘நான் எங்கடா அடிச்சேன், வாங்கினேன்’னு சிரிப்பார்.

அவர்தான் எனக்கு சினிமாச் சண்டையைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர். ஹீரோ ஓடி வர்றது ஒரு ஷாட். குதிக்கறது டூப், அது பின்னாடிலேருந்து ஒரு ஷாட். தரையில கால் பதியற குளோஸப், மறுபடி ஹீரோ. அதே சட்டை, அதே விக். கீழே அட்டைப்பெட்டி அடுக்கி, அதுக்கு மேல மெத்தை. ஒரு தடவை ஹீரோயினுக்கு டூப் போட வேண்டி வந்தது. அதுக்காக மீசையை எடுத்துட்டு வந்தவர், முளைக்கற வரைக்கும் பகல்ல வெளிய தலைகாட்டலை. :-)

அவர் டூப் போட்ட படம் வந்தா லைன் வீடே தியேட்டருக்குப் போகும். எந்த ஷாட்ல அவர், எந்த ஷாட்ல ஹீரோன்னு எங்களால கண்டுபிடிக்க முடியாது. அவங்கம்மாவுக்கு மட்டும் தெரியும். ‘அந்தா, அது என் புள்ள’ன்னு இருட்டுல கை நீட்டுவாங்க. திரையில ஒரு முதுகு ஜன்னல் கண்ணாடியை உடைச்சுக்கிட்டு வெளிய போகும். விசில் ஹீரோவுக்கு.

ஒரு படப்பிடிப்புல மேலேருந்து குதிக்கறப்போ பெட்டி அடுக்கு ஒரு பக்கமா நகர்ந்துடுச்சு. இடுப்பு எலும்பு. ஆறு மாசம் படுக்கை. செலவுக்குன்னு கம்பெனிக்காரங்க கொடுத்தது முதல் வாரத்துக்கே காணலை. கூட வேலை பார்த்தவங்க ஆளாளுக்குப் போட்டுக் கொடுத்ததுலதான் ஓடுச்சு. எழுந்து நடந்தார், ஆனா திரும்ப ஃபைட்டுக்குப் போகலை. அப்புறம் கார் ஓட்டப் போயிட்டார்.

2006 வாக்குல ஒரு நாள், வீட்டுக்கு வந்தவரை உட்காரவெச்சு ஓங்-பாக் டிவிடியைப் போட்டேன். ஆசையா அவர் முகத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன், எங்க வாயைப் பிளக்கப் போறார்னு. மரத்துக் காட்சியிலயே நிமிர்ந்து உட்கார்ந்துட்டார். ஆனா டோனி ஜா பறந்து பறந்து அடிச்சப்போ எல்லாம் நான் எதிர்பார்த்த மாதிரி ஒண்ணும் சொல்லலை. ஒரு இடத்துல, ‘பின்னாடி ஓட்டு’ன்னார். ஓட்டினேன். ‘இன்னொரு தடவை.’ ஓட்டினேன்.

‘அடிக்கிறவனை எல்லாரும் பாப்பாங்க. வாங்குறவனைப் பாருடா. கையைக் கீழ ஊனலை பாத்தியா? ஊனினா மணிக்கட்டு போச்சு. தாடையை நெஞ்சோட சேத்துக்கிட்டான் பாரு, பின்மண்டை படக் கூடாதுன்னு. நல்லா தெரிஞ்சவன். நமக்காவது நடுவுல கட் பண்ணி காப்பாத்திடுவாங்க. இவனுங்களுக்கு கட்டே இல்லயேடா.’

இருபது தடவையாவது பார்த்திருந்த காட்சி அது. அந்த விழற ஆளை நான் அன்னைக்குத்தான் முதல்முதலா பார்த்தேன்.

ஆமா, நியாயம்தானே. ‘டூப் இல்லாத படம்’னா ஹீரோவுக்கு டூப் இல்லைன்னுதான் அர்த்தம். டோனி ஜாவோட முழங்கை நிஜம்னா, அதை வாங்கற மண்டையும் நிஜம். கேமரா கட் பண்ணாம தள்ளி நிக்குதுன்னா, விழறவனும் பாதியில மெத்தைக்கு மாற முடியாது. டோனி ஜாவை டோனி ஜா ஆக்கினதுல பாதி, அவரோட அடியை டைமிங் தப்பாம வாங்கி, நிஜமா விழுந்த பன்னாவோட பசங்க. முகம் கிடைச்சது ஒருத்தருக்கு. மத்தவங்க இன்னும் முதுகுதான்.

டோனி ஜாவும் அந்தக் கூட்டத்துலேருந்து வந்தவர்தான், முன்னாடி டூப் போட்டவர்தான்னு அண்ணன்கிட்ட சொன்னேன். ‘யாரு, இவனா?’ன்னு கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். படம் முடிஞ்சு பேர் ஓட ஆரம்பிச்சதும் வழக்கம்போல ரிமோட்டை எடுத்தேன். ‘இருடா’ன்னார். எல்லாம் தாய் எழுத்து. ரெண்டு பேருக்கும் ஒரு எழுத்து புரியலை. கடைசி வரி மேல போற வரைக்கும் பார்த்தார். ‘அந்த விழுந்தவன் பேர் இதுல இருக்குமாடா?’ன்னு கேட்டார். ‘இருக்கும்ணே’ன்னேன்.

அதுக்கப்புறம் டோனி ஜாவுக்கு என்ன ஆச்சுன்னும் சொல்லணும், ஏன்னா முகம் கிடைச்சவுடனே எல்லாம் சுபம்னு ஆயிடலை. 2005ல ‘டாம்-யும்-கூங்’. அதுல ஒரு ஓட்டல் கட்டடத்துக்குள்ள மாடி மாடியா ஏறிக்கிட்டே கிட்டத்தட்ட 4 நிமிஷம் ஒரே ஷாட்ல சண்டை போடுவார். கட்டே இல்லை. கடைசி மாடியில டோனி ஜா மூச்சு வாங்கறது நடிப்பு இல்லைன்னு தெளிவா தெரியும். அந்த ஷாட்ல ஒருத்தன் மாடிக் கைப்பிடியைத் தாண்டிக் கீழ போறப்போ, ஹீரோ அடுத்த படிக்கு ஏறிட்டார், கேமராவும் அவர் பின்னாடி போயிடுது. விழுந்தவன் என்ன ஆனான்னு பார்க்க யாரும் நிக்கலை. இப்பெல்லாம் நான் அங்க நிறுத்திப் பார்க்கறேன்.

2008ல ‘ஓங்-பாக் 2’. இந்தத் தடவை இயக்கமும் அவரே. பணம், நெருக்கடி, மன உளைச்சல்னு எல்லாம் சேர்ந்து, படப்பிடிப்பு நடுவுல காணாமப் போய், அது நாடறிஞ்ச செய்தி ஆச்சு. கடைசியில குரு பன்னா வந்து சேர்ந்து படத்தை முடிச்சுக் கொடுத்தார். 2010ல ‘ஓங்-பாக் 3’ வந்தது. அதே வருஷம் டோனி ஜா துறவு பூண்டு பிக்குவா கொஞ்ச காலம் இருந்தார். முதல் ஓங்-பாக் முடியறதும் டிங் துறவறம் ஏற்று யானை மேல ஊர்வலம் வர்றதுலதான். நிஜ வாழ்க்கை சில சமயம் இப்படியும் செய்யும்.

திரும்பி வந்தார். 2015ல ‘ஃப்யூரியஸ் 7’னு ஹாலிவுட்டும் போனார். அங்க அவரைப் போட்ட விதத்தைப் பார்த்து எனக்கு வருத்தம்தான். படபடன்னு கட், ஆடற கேமரா, அரை இருட்டு. யார் காலுன்னே தெரியலை. அப்படி எடுக்கறதுக்கு டோனி ஜா எதுக்கு? கையில இருக்கற தங்கத்துக்கு முலாம் பூசின மாதிரி. அதே 2015ல ஹாங்காங்ல வந்த ‘எஸ்.பி.எல். 2’தான் அவரை மறுபடி மரியாதையா காட்டிச்சு. பன்னா ரித்திக்ராய் அதைப் பார்க்க இல்லை. 2014 ஜூலையில, 53 வயசுல போயிட்டார். அவர் செத்தப்போ எழுதினவங்க எல்லாரும் ‘டோனி ஜாவின் குரு’ன்னுதான் எழுதினாங்க. அவர் தாய்லாந்துல எத்தனை பேருக்கு விழக் கத்துக்கொடுத்தார்ங்கறது கணக்குல வரலை.

‘நிஜமா செஞ்சாங்க’ங்கறதுக்காக ஒரு படத்தை ரசிக்கற நமக்கு இதுல என்ன பங்குன்னு எனக்கு அடிக்கடி ஒரு கேள்வி வரும். கம்பியைப் பார்த்து ‘ப்ச், ரோப்பு’ன்னு உதட்டைப் பிதுக்கறதும் நாமதான். கம்பி கட்டறது ஏமாத்து வேலைங்கற மாதிரி பேசறோம். அந்தக் கம்பியில தொங்கற மனுஷனுக்கு அது சாயந்திரம் வீட்டுக்குப் போற வழி. 2025 ஜூலையில நாகப்பட்டினம் பக்கத்துல ஒரு தமிழ்ப் படத்தோட படப்பிடிப்புல, கார் பல்டி அடிக்கற காட்சியில ஸ்டண்ட் கலைஞர் ஒருத்தர் இறந்துபோனார். அந்த வீடியோ எல்லார் போன்லயும் சுத்துச்சு. நான் முழுசா பார்க்கலை. வடபழனி லைன் வீட்டுல இருட்டுல நீண்ட ஒரு கைதான் ஞாபகம் வந்தது.

கொஞ்சம் நல்ல செய்தியும் இருக்கு. நம்ம தேசிய விருதுல சண்டை அமைப்புக்குன்னு தனியா விருது 2017ம் வருஷத்துப் படங்கள்லேருந்து கொடுக்கறாங்க. நடிப்புக்கும் ஒளிப்பதிவுக்கும் 1929லேருந்து விருது கொடுக்கற ஆஸ்கார்காரங்க, 2027ல வெளியாகற படங்கள்லேருந்து ஸ்டண்ட் வடிவமைப்புக்கும் கொடுப்போம்னு 2025 ஏப்ரல்ல அறிவிச்சாங்க. கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு. அதுவும் வடிவமைக்கற மாஸ்டருக்குத்தான் போகும், விழறவனுக்கு இல்லை. ஆனா ஒரு ஆரம்பம்.

அதனால ஓங்-பாக் பார்க்காதேன்னு சொல்ல வரலை. நானே இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். உடம்புங்கறது எவ்வளவு தூரம் போகும்னு அதுல தெரியற மாதிரி வேற எதுலயும் எனக்குத் தெரியலை. உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். முதல் தடவை டோனி ஜாவைப் பாருங்க, கண்டிப்பா பாருங்க. ரெண்டாவது தடவை பார்க்கறப்போ அவரை விட்டுட்டு எதிர்ல இருக்கறவனைப் பாருங்க. கை ஊனாம, தாடையைச் சேர்த்துக்கிட்டு, சரியான நொடியில காலைத் தரையிலேருந்து எடுத்து விழறான் பாருங்க, அவனை. வேற ஒரு படம் தெரியும்.

பி.கு: டிவிடியோ ஆன்லைனோ, கிடைச்சா தாய் மொழியில, பழைய இசையோட இருக்கறதைப் பாருங்க. பிடிச்சிருந்தா பன்னாவே இயக்கின ‘பார்ன் டு ஃபைட்’ (2004), அப்புறம் ஜீஜா யானின்ங்கற பொண்ணு பின்னி எடுக்கற ‘சாக்லேட்’ (2008). ‘பார்ன் டு ஃபைட்’ முடிஞ்சு பேர் ஓடறப்போ, அடிபட்டவங்களைத் தூக்கிக்கிட்டுப் போறதெல்லாம் காட்டுவாங்க. எழுந்து போயிடாதீங்க.